ஃப்ரீசரில் இரண்டு பால் குப்பிகள்

பென்ஷன் தொடர, நான் இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன் என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வருவதற்காகப் போன மாதம் பழைய லேபுக்குப் போயிருந்தேன். என் நாற்காலியில் இப்போது ஹேமா என்ற பெண் இருக்கிறாள். நான் முப்பது வருஷத்துக்கு மேல் அழுத்திய நாற்காலி அது. குழி அப்படியே இருந்தது.

ஹேமா எனக்கு எல்லாவற்றையும் சுற்றிக் காட்டினாள். புது மெஷின் தானே மாதிரியை எடுத்துக்கொள்கிறது, தானே ஊசி போட்டுக்கொள்கிறது. குப்பிகளின்மேல் கோடு கோடாக ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது.

"மைனஸ் எண்பதுல போட்டாக்கூட இந்த ஸ்டிக்கர் உரியாது மேடம்" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இன்னாத்துக்கு மேடம் சிரிக்கிறீங்க?"

"உரிஞ்சா இன்னா ஆவும்னு எனக்குத் தெரியும்மா" என்றேன்.

அவள் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கு அவளிடம் அவசரமாகச் சொன்னதைத்தான் இங்கே நிதானமாக எழுதுகிறேன். வெட்கத்தில் விட்டுவிட்ட இரண்டு மூன்று விஷயங்களையும் சேர்த்திருக்கிறேன்.

நகரியில் எங்கள் நைனாவுக்கு நான்கு பவர்லூம் ஓடிற்று. நான் கெமிஸ்ட்ரி படித்து முடித்ததும் திருப்பதியில் ஒரு கல்லூரியின் உயிர்வேதியியல் லேபில் டெக்னீஷியன் வேலை கிடைத்தது. கடல் பாலூட்டிகளின் உடலில் உள்ள கொழுப்பைப் பிரித்துப் பார்ப்பதுதான் அந்த லேபின் வேலை. கடலே இல்லாத ஊரில் திமிங்கலக் கொழுப்பா என்று கேட்காத சொந்தக்காரர் கிடையாது. கரையில் செத்து ஒதுங்கும் டால்பின், கடற்பசு இவற்றின் சதைத் துண்டுகள் வனத்துறை அனுமதியோடு ஐஸ் பெட்டியில் எங்களிடம் வரும். ஒரு பிராணி என்ன தின்றதோ அது அதன் தோலுக்கடியில் கொழுப்பாகச் சேர்ந்திருக்கும். வெளிப்பக்கம் பழைய கணக்கு, உள்பக்கம் சமீபத்துக் கணக்கு. கொழுப்பிலுள்ள அமிலங்களைத் தனித்தனியாகப் பிரித்துவிட்டால், செத்த பிராணி கடைசியாக என்ன சாப்பிட்டது என்பதைக்கூட ஓரளவு சொல்லிவிடலாம்.

லேபுக்குத் தலைவர் வரதன் சார். திருப்பதியில் பல தலைமுறையாகக் கோயில் கைங்கரியத்தில் இருந்த தமிழ் ஐயங்கார் குடும்பம். நெற்றியில் மெல்லிய சிவப்புக் கோடு. மத்தியானம் தயிர்சாதம், மாவடு. இப்படிப்பட்ட மனிதர் காலையிலிருந்து சாயங்காலம் வரை மீன் வாடையில் நின்றுகொண்டிருந்தார். வீட்டுக்குப் போனதும் கொல்லைப்புறமாக நுழைந்து தலையோடு குளித்துவிட்டுத்தான் ஆத்துக்குள் கால் வைப்பார் என்று சொல்லிக்கொள்வார்கள். நான் நேரில் பார்த்ததில்லை. ஆனால் நம்புகிறேன்.

அவர் லேபை நடத்திய முறையே தனி. குளோரோஃபார்மில் மூன்று தரம் அலசிக் காயவைத்த கண்ணாடிப் பாத்திரத்துக்கு "மடி" என்று பெயர். அதை வெறும் கையால் தொட்டுவிட்டால் "விழுப்பு". மடி அலமாரி ஒன்று, விழுப்பு அலமாரி ஒன்று. லேபுக்குள் மீன், கறி, எண்ணெய்ப் பலகாரம் எதுவும் வரக்கூடாது. தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், அலசிய குடுவையை நான் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு வந்தேன். "தொடாதே!" என்று கத்தினார். எனக்குச் சுருக்கென்றது. நெசவுக்காரர் வீட்டுப் பெண் தொட்டால் ஆகாதா என்று வழியெல்லாம் பொருமிக்கொண்டு போய் நைனாவிடம் அழுதேன். மறுநாள் நேரே அவர் அறைக்குப் போய்க் கேட்டுவிட்டேன்.

"சார், நான் தொட்டா இன்னா?"

அவர் எழுந்து வந்து தன் கட்டை விரலை ஒரு சுத்தமான கண்ணாடித் தகட்டில் அழுத்தினார். இன்னொரு தகட்டைக் காட்டி என்னையும் அழுத்தச் சொன்னார். இரண்டையும் தனித்தனியாகக் கழுவி, கரைசலைச் சுண்டவைத்து, தயார் செய்து, மறுநாள் அவரே மெஷினில் ஏற்றினார். தாளில் மலை மலையாகக் கோடு வந்தது. இரண்டு தாளையும் ஜன்னல் வெளிச்சத்தில் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பிடித்தார்.

"இது என் விரல். இது உன் விரல். வித்தியாசம் தெரியறதா?"

"முன்னாடி ஒண்ணு ஒசரமா இருக்குது சார், என்னோடதுல."

"அது லாரிக் அமிலம். தேங்காயெண்ணெய். நேத்திக்குத் தலைக்கு வச்சிண்டிருக்கே. பாக்கியெல்லாம் ஒண்ணுதான். என் கையும் விழுப்புத்தான்ம்மா."

அன்றோடு என் கோபம் போயிற்று. தலைக்கு எண்ணெய் வைப்பதும் போயிற்று. அந்த மடி எனக்கே ஒட்டிக்கொண்டு, வீட்டில் டம்ளரைக்கூட விளிம்பில் விரல் படாமல் பிடிக்கும் அளவுக்கு வந்துவிட்டேன்.

வருஷங்கள் ஓடின. நான் மூத்த டெக்னீஷியன் ஆனேன், சார் ஓய்வை நெருங்கினார். அப்போது வந்து சேர்ந்தவள்தான் சுனிதா. புத்தூரில் பிறந்து ஏர்பேட்டில் வாழ்க்கைப்பட்டவள். பிஎச்.டி. மாணவி. அவள் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தபோது, நெல்லூர்ப் பக்கம் ஒரு கரையில் தாய் டால்பினும் அதன் குட்டியும் செத்து ஒதுங்கின. சார் இரவோடு இரவாகப் போய் இரண்டின் கொழுப்பையும் எடுத்துவந்தார். தாயின் காம்பிலிருந்து அழுத்தியழுத்தி ஒரு சின்னக் குப்பி பாலும் எடுத்திருந்தார். எங்கள் லேபில் டால்பின் பாலைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. தாயின் பாலில் இருக்கும் கொழுப்பு குட்டியின் தோலடியில் எப்படிப் படிகிறது, சாகும் முன் குட்டி பால் குடித்திருந்ததா? சுனிதாவின் ஆராய்ச்சிக்கு இதுவே விஷயமாக அமைந்தது.

கொஞ்ச நாளில் சுனிதா பிரசவத்துக்குப் போனாள். பிள்ளைக்கு நான்கு மாதம் முடிந்ததும் திரும்பி வந்தாள். வந்த மூன்றாவது நாள், பாத்ரூமில் விசும்பல் கேட்டு எட்டிப் பார்த்தேன். வாஷ்பேசினில் பாலைப் பீய்ச்சிக் கொட்டிக்கொண்டு அழுதுகொண்டு நின்றாள்.

"அங்க புள்ள பவுடர் பாலு குடிச்சி வயித்தால போவுது. இங்க நான் சாக்கடையில ஊத்திக்கினு இருக்கேன். மாமியாரு படிப்ப உட்டுடுன்றாங்க. உட்டுடலாம்னுதான்க்கா எனக்கும் தோணுது."

அவளை விடக்கூடாது என்று எனக்குப் பிடிவாதம் வந்துவிட்டது. கெட்டிக்காரப் பெண். அவளைப்போல ஒருத்தி எங்கள் லேபுக்கு வந்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. புதுப் பெட்டியைப் பிரித்து, மாதிரி போடும் குப்பிகள் சிலவற்றை எடுத்துக் கொதிக்கும் தண்ணீரில் அலசி அவளிடம் கொடுத்தேன். "இதுல புடிச்சி ஃப்ரீசர்ல அடித்தட்டுல வையி. சாயங்காலம் ஐஸோட எடுத்துக்கினு போ. மறுநாளு மத்தியானத்துக்குக் கொடுப்பாங்க" என்றேன். மாதிரி வைக்கும் ஃப்ரீசரில் சாப்பிடும் பொருள் வைக்கக்கூடாது என்பது சாரின் சட்டத்தில் முதல் சட்டம். அதனால் யாருக்கும் தெரியாமல் இருக்கட்டும் என்று அந்தக் குப்பிகளுக்குப் பெயர்ச் சீட்டும் ஒட்டவில்லை. சுனிதா முகம் தெளிந்து வேலை செய்ய ஆரம்பித்தாள். ஏர்பேட்டில் பிள்ளைக்கு வயிறும் சரியாகிவிட்டது என்றாள். நான் பெரிய சாமர்த்தியம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

ஒரு வியாழக்கிழமை காலையில் கரண்ட் வெகுநேரம் போயிற்று. ஃப்ரீசரில் பனி கரைந்து ஒழுகியது. எல்லாவற்றையும் ஐஸ் பெட்டிக்கு மாற்றி, துடைத்து, திரும்ப அடுக்கினேன். அடுக்கும்போது பார்த்தால் டால்பின் பால் குப்பியின் பெயர் எழுதிய டேப் உரிந்து அடியில் ஒட்டிக் கிடந்தது. பக்கத்தில் பெயர்ச் சீட்டே ஒட்டாத இன்னொரு குப்பி. இரண்டிலும் வெள்ளையாக உறைந்த பால். ஒரே அளவுக் குப்பி.

அந்த நேரத்தில் நான் சுனிதாவைக் கூப்பிட்டுக் கேட்டிருக்க வேண்டும். சாரிடம் போயிருக்க வேண்டும். இரண்டையும் செய்யவில்லை. இதுதான் டால்பின், அதுதான் சுனிதாவுடையது என்று நானே முடிவு செய்து டேப்பை ஒட்டினேன். முகர்ந்து பார்க்கவும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும், அத்தனை வருஷம் அந்த அறையில் கிடந்த மூக்குக்கு மீன் வாடை எங்கே தெரியப்போகிறது? எத்தனை வருஷ அனுபவம் என்ற திமிர், வேறொன்றுமில்லை.

அன்று மத்தியானமே டேப் ஒட்டிய குப்பியைக் கரைத்து முழுவதையும் வேலைக்கு எடுத்துவிட்டேன். சாயங்காலம் சுனிதா மற்றக் குப்பியை ஐஸில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

மறுநாள் காலை பத்தரை மணிக்கு அந்தப் பாலின் கொழுப்பை மெஷினில் ஏற்றினேன். சுனிதா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். சின்ன அமிலம் முதலில் வரும், பெரியது கடைசியில் வரும். எல்லாம் வந்து முடிய நாற்பது நிமிஷத்துக்கு மேல் ஆகும். ஆரம்பத்திலேயே லாரிக் எழுந்து நின்றது. டால்பினுக்கு அது அங்கே இருக்கக் கூடாது. தலையில் எண்ணெய் வைத்த யாராவது தொட்டுவிட்டார்களோ என்று பல்லைக் கடித்தேன். நடுவில் கடலையெண்ணெய்க்கு உரிய அமிலம் உயரமாக வந்தது. மீன் தின்னும் பிராணி என்றால் கடைசியில் இரண்டு பெரிய மலைகள் வந்தாக வேண்டும். கோடு தரையோடு தரையாகப் போய்க்கொண்டே இருந்தது.

சாரைக் கூப்பிட்டேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"இது கடல்ல இருக்கிற பிராணியே இல்லே மல்லிகா. இது சாதம் சாப்பிடற பிராணி."

சுனிதாவைப் பார்த்தேன். அவளுக்கு இன்னும் புரியவில்லை.

"சார், இது சுனிதாவோட பாலு" என்றேன். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

"அப்போ டால்பின் பால் எங்கே?"

சுனிதா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். மணி பதினொன்றரை. அன்று பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தது அவள் புருஷன் ரமேஷ்; பன்னிரண்டு மணிக்குப் பால் புகட்டுவான். போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டாள். மாமியார் கல்யாணத்துக்குப் போயிருந்தாள், வீட்டில் வேறு யாருமில்லை.

"வாங்கோ" என்றார் சார். லேப் கோட்டைக்கூடக் கழற்றாமல் கார்ச் சாவியை எடுத்தார்.

அந்த மனிதர் காரை அவ்வளவு வேகமாக ஓட்டி நான் பார்த்ததில்லை. பின்சீட்டில் சுனிதா போனைக் காதில் அழுத்திக்கொண்டே வந்தாள். அவள் கையை நான் பிடித்துக்கொண்டேன். உதறவில்லை. அதுவே எனக்குத் தாங்கவில்லை.

"விஷமில்லேம்மா" என்றார் சார், ரோட்டைப் பார்த்தபடியே. "கொழுப்பு ஜாஸ்தி, அவ்வளவுதான். ஆனா செத்து ஒரு நாள் ஆன உடம்புலேர்ந்து எடுத்தது." பொய் சொல்ல அவருக்கு வராது. சமாதானம் சொல்லவும் வரவில்லை.

ரேணிகுண்டா தாண்டியதும் சுனிதாவின் போன் அடித்தது. அவசரத்தில் ஸ்பீக்கரைத் தட்டிவிட்டாள் போல, ரமேஷின் குரல் கார் முழுக்கக் கேட்டது.

"ஏமி சுனிதா, பதினேழு கால் போட்டிருக்கியே? போனை உள்ள வெச்சிட்டு புள்ளையத் தூக்கிக்கினு மோட்டார் போடப் போயிருந்தேன்."

"பாலு குடுத்தியா? புள்ளைக்குப் பாலு குடுத்தியா?"

"எங்க குடுக்கிறது? மோட்டார் போடப் போறதுக்கு முன்னாடியே கொஞ்சம் காய வெச்சேன். அம்மம்மா, கருவாட்டு வாசனை! இன்னா துன்ன நீயி? பாலாடைய கிட்ட கொண்டுபோனாலே உன் புள்ள மூஞ்சியத் திருப்பிக்கினு கத்துறான். ஒரு சொட்டு உள்ள போகலை. பூனைக்கு ஊத்திட்டேன்."

சார் காரை ஓரமாக நிறுத்தினார். ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். சுனிதா என் மடியில் விழுந்து ஓவென்று அழுதாள். நானும் அழுதேன்.

"பூனை முழுக்கக் குடிச்சுடுத்தாமா?" என்று சார் தலை தூக்காமலே கேட்டார்.

"முழுசும் குடிச்சிட்டு இன்னும் இருக்குதான்னு பாக்குது சார்" என்றான் ரமேஷ், யார் கேட்கிறார்கள் என்று தெரியாமலே.

"போகட்டும்" என்றார் சார்.

அன்று சுனிதாவை வீட்டிலேயே விட்டுவிட்டுத் திரும்பினோம். வழியில் நான்தான் பேச்செடுத்தேன். தப்பு முழுக்க என்னுடையது, என்மேல் நடவடிக்கை எடுங்கள், அந்தப் பெண்ணை மட்டும் விட்டுவிடுங்கள் என்றேன். லேபுக்கு வந்ததும் அவர் பதிவேட்டை எடுத்து, "தாயின் பால் மாதிரி லேபின் கவனக்குறைவால் அழிந்தது" என்று எழுதிக் கீழே தன் கையெழுத்தைப் போட்டார். என் பெயரும் இல்லை, சுனிதாவின் பெயரும் இல்லை.

திங்கட்கிழமை சுனிதா வந்தாள். கையில் ஒரு கடிதம். படிப்பை விடுவதாக எழுதிக்கொண்டு வந்திருந்தாள். சார் அதை வாங்கி மேஜையில் கவிழ்த்து வைத்தார். மேஜைமேல் வெள்ளிக்கிழமைத் தாள் விரித்திருந்தது. அவளுடைய பாலின் கோடு. பென்சிலால் கடைசிப் பகுதியைத் தொட்டார்.

"இங்க ஒரு பீக் இருக்கணும். குழந்தையோட மூளைக்கும் கண்ணுக்கும் வேண்டிய அமிலம் இது. மீன்ல நிறைய இருக்கும். உன்னோடதுல இருக்கிற இடமே தெரியலே. நீ மீன் சாப்பிடறதில்லையா?"

சுனிதா என்னைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

"முன்னாடி துன்னுவேன் சார். எங்க வீட்ல ஞாயித்துக்கிழமைன்னா மீன் கொழம்புதான். இங்க சேந்ததுல இருந்து உட்டுட்டேன். லேபுக்கு ஆகாதுன்னு சொன்னீங்க இல்ல. மேல வாசனை இருந்தா கண்டுபுடிச்சிடுவீங்கன்னு வீட்லயும் துன்றதில்ல. ரெண்டரை வருஷமாச்சி."

சார் பென்சிலைக் கீழே வைத்தார். அந்த முகத்தை நான் மறக்கவே மாட்டேன். எத்தனையோ மாணவர்களை ஒரு பார்வையில் நடுங்கவைத்த முகம், அடிபட்டாற்போல ஆகிவிட்டது.

"பாத்திரத்துக்குத்தானேம்மா நான் மடி சொன்னேன்" என்றார். "உனக்குச் சொல்லலையே."

பிறகு அவர் என் பக்கம் திரும்பினார்.

"மல்லிகா, நெத்திலியில என்ன இருக்கு, எவ்வளவு இருக்குன்னு எனக்குத் தூக்கத்துல கேட்டாலும் சொல்லத் தெரியும். எங்கே வாங்கறது, எப்படிப் பார்த்து வாங்கறதுன்னு தெரியாது. அவளுக்கு நீதான் பார்த்துக்கணும்."

பார்த்துக்கொண்டேன். வாரத்துக்கு மூன்று நாள் எங்கள் வீட்டில் நெத்திலிக் குழம்பு வைத்தேன். மத்தியானம் வெளிவாசல் மரத்தடியில் நானும் சுனிதாவும் உட்கார்ந்து சாப்பிடுவோம். சோப்புப் போட்டு மூன்று தரம் கை கழுவி, வேறு கோட்டை மாட்டிக்கொண்டுதான் உள்ளே போவோம். சுனிதா பால் எடுத்து வைக்கவென்று சார் தன் அறையோடு ஒட்டிய புத்தக அறையைக் காலிசெய்து, தாழ்ப்பாள் போட்டு, வீட்டிலிருந்து ஒரு சின்ன ஃப்ரிட்ஜைக் கொண்டுவந்து வைத்தார். கடிதத்தைப் பற்றி அவரும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

டால்பின் பால் இல்லாமலே வேலை நடந்தது. குட்டியின் கொழுப்பை மெல்லிய மெல்லிய அடுக்காகச் சீவி ஒவ்வொன்றாகப் பார்த்தாள் சுனிதா. வெளி அடுக்குகளில் தாயின் வயிற்றுக்குள் இருந்தபோது சேர்ந்த கொழுப்பு. கடைசி உள் அடுக்கில் மீனின் அமிலங்கள். பல்கூட முளைக்காத குட்டிக்கு மீன் ஏது? தாய் தின்ற மீன்தான் பாலாக வந்திருக்கிறது. "குடிச்சிருக்குதுக்கா" என்று அவள் என் தோளைப் பிடித்து உலுக்கியது இன்னும் நினைவிருக்கிறது.

அது முடிந்த வாரமோ அடுத்த வாரமோ, சுனிதா ஒரு குப்பியில் தன் பால் கொஞ்சத்தை எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள்.

"இன்னொரு தபா போட்டுப் பாக்கலாமாக்கா?"

ஏற்றினேன். செய்தி தெரிந்து சார் வந்து நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. நாற்பது நிமிஷமும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். கடலையெண்ணெய் வந்தது, போயிற்று. கோடு தரையோடு போய்க்கொண்டிருந்தது. முடியப் போகிற நேரத்தில் கோடு தயங்கி, மெல்ல எழுந்து, சின்னதாக ஒரு மேடு கட்டி இறங்கியது.

சுனிதா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சார் அந்த மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார்.

"பன்னெண்டு மணி பஸ்ஸைப் பிடிச்சு ஆத்துக்குக் கிளம்பும்மா" என்றார். "இன்னைக்காவது குழந்தை சூடாக் குடிக்கட்டும்."